தொலைக் கேள்வி: தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் ஆர்வலர் முயற்சி

மத்திய அலை வானொலிப் பெட்டி இருந்த வீடுகளிற் சிறு பிள்ளைகளும் அறிந்திருந்த செய்தி ஒன்றுண்டு. பகற்காலத்தில் அண்டை நகரத்து நிலையமன்றிப் பிறிதொன்றும் கேளாத அப்பெட்டி, விளக்கேற்றும் நேரம் கழிந்தபின் மொழியறியா நாடுகளின் குரல்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு வரும். பெட்டியும் அதுவே, கம்பியும் அதுவே, மாறியது பொழுது ஒன்றே. இவ்வேறுபாட்டின் காரணம் யாது என்பதும், இதனையே பற்றுக்கோடாகக் கொண்டு, கூலியும் புகழும் கருதாது, தம் வீட்டிலிருந்தே கடல் கடந்த நாடுகளோடு உரையாட முயன்ற ஆர்வலர் சிலரின் வரலாறு யாது என்பதும் இக்கட்டுரையிற் கூற எடுத்துக்கொண்ட பொருளாம்.

தமிழ் பயில்வோர் பௌதிக நூலாரின் வயலிற் புகுந்து உழுவது ஏன் என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். இப்பொருளில் யாம் நாள்தோறும் படிக்கும் சொற்கள் இரண்டு புதிய பொருளோடு வந்து நின்றமையே காரணம். ஒன்று பொழுது, மற்றொன்று கேள்வி. திருவள்ளுவர் கல்விக்கு ஓரதிகாரம் வகுத்ததோடு அமையாது கேள்விக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தார் என்பது யாவரும் அறிந்ததே. தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் தொலைத் தொடர்பு கொள்வோரின் முயற்சியை நெருங்கி நோக்குங்கால், அது அனுப்பும் தொழிலன்று, கேட்கும் தொழிலே என்பது புலனாகும். இதனைப் பின்னர் விரிப்பாம்.

வானொலி அலை ஒளியின் இனத்தது. ஒளியைப் போன்றே நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்வது. ஓர் அலையின் முடிக்கும் அடுத்த அலையின் முடிக்கும் இடைப்பட்ட தொலைவை அலைநீளம் என்றும், ஒரு நொடியில் எழும் அலைகளின் தொகையை அதிர்வெண் என்றும் கூறுவர். ஒன்று பெருகின் மற்றொன்று சுருங்கும். வாணிகத்திற்கன்றித் தம் விருப்பத்தாலும் ஆராய்ச்சி வேட்கையாலும் வானொலி நிலையம் அமைத்துக்கொள்ளும் ஆர்வலரை உலக வழக்கில் 'ஹாம்' என்பர். அவர்க்கென நாடுகள் உடன்பட்டு ஒதுக்கிய அலைவரிசைகளுள் 40, 80, 160 மீட்டர் என்னும் மூன்றும் தாழ்ந்த வரிசைகள் எனப்படும். அவற்றுள்ளும் 160 மீட்டர் வரிசை, அதாவது 1.8 மெகாஹெர்ட்ஸ் முதல் 2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ளது, மத்திய அலை ஒலிபரப்பின் எல்லையை அடுத்துக் கிடப்பது. அதிர்வெண்ணிற் கடையாயினும் அலைநீளத்தில் தலையாயது என்னும் கருத்தால் இதனை 'டாப் பேண்ட்' என்று அவர்கள் அன்போடு அழைப்பர். இக்கட்டுரை பெரிதும் இவ்வரிசையைப் பற்றியதே.

நிலத்திற்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரம் முதற்கொண்டு, ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களைத் தாக்கி எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு மின்னேறிய வெளியே அயனி மண்டலம் ஆகும். இதில் அடுக்குகள் பல. 60 முதல் 90 கிலோமீட்டர் வரையுள்ள கீழடுக்கை 'டி' என்றும், அதன் மேலுள்ளவற்றை 'ஈ' என்றும் 'எஃப்' என்றும் குறிப்பர். மேலடுக்குகள் வானொலி அலையை வளைத்து மீண்டும் நிலத்திற்கு அனுப்பும் இயல்பின. கீழடுக்கோ அவ்வாறன்று. அங்குக் காற்றுச் செறிவு மிகுதி. அலை வந்து எலக்ட்ரான்களை அசைக்க, அசைந்த எலக்ட்ரான்கள் அண்டையிலுள்ள காற்று மூலக்கூறுகளோடு மோதி, அலையினிடமிருந்து பெற்ற ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். அதிர்வெண் தாழத் தாழ அசைவு பெரிதாகலின் இழப்பும் பெரிதாம். ஆகவே பகலில் 160 மீட்டர் அலை மேலடுக்கை எட்டுமுன்னரே கீழடுக்கிற் பெரும்பகுதி தேய்ந்து மடிகின்றது. ஞாயிறு மறைந்த சிறிது நேரத்தில் கீழடுக்கின் எலக்ட்ரான்கள் மீண்டும் அணுக்களோடு கூடிவிடும். காற்று மெலிந்த மேலடுக்கிலோ அக்கூட்டம் மெல்லவே நிகழ்தலின் அவ்வடுக்கு இரவு முழுதும் நிலைத்திருக்கும். தடை நீங்கிக் கூரை மட்டும் எஞ்சுகின்றது. அலை மேலே சென்று மீண்டு, நிலத்திலோ கடலிலோ பட்டெழுந்து, மறுபடியும் மேலே சென்று, இவ்வாறு பல தாவல்களிற் பெருங்கடல்களைக் கடக்கும்.

அகப்பொருள் இலக்கணம் நாளினைச் சிறுபொழுதாகப் பகுத்துத் திணைக்கு ஒன்று வகுத்தது. நண்பகல் பாலைக்குரியது, மாலை முல்லைக்குரியது, யாமம் குறிஞ்சிக்குரியது, வைகறை மருதத்திற்குரியது. டாப் பேண்ட் ஆர்வலர்க்கு இப்பகுப்பு மனப்பாடம் செய்ய வேண்டிய நூற்பா அன்று. வாழ்க்கை முறையே ஆகும். நண்பகல் அவர்க்கும் பாலையே, வழிச்செல்வார் ஒருவரும் இல்லாத நிலம். யாமம் உழைக்கும் பொழுது. மாலையும் வைகறையும் கிடைத்தற்கரிய பொழுதுகள். ஞாயிறு தோன்றுவதற்குச் சற்று முன்னும் பின்னும், மேற்றிசையிலிருந்து வரும் குறிகள் சில நிமிட நேரம் திடுமெனப் பெருகி, கீழடுக்கு மீண்டும் உருவாகும்போது ஒருசேர மறைந்துவிடும். மாலையிற் கீழ்த்திசைக்கும் இவ்வாறே. பகலும் இரவும் சந்திக்கும் அவ்வெல்லைக் கோட்டைச் 'சாம்பற்கோடு' என்னும் பொருள்படும் சொல்லால் அவர்கள் வழங்குவர். ஆண்டு முழுதும் முயன்றும் கிட்டாத ஒரு நாடு அப்பத்து நிமிடத்தில் வந்து போவதுண்டு. அவ்வேளையில் உறங்கினோர்க்கு அந்நாடு இல்லை.

பகலிரவு வேறுபாட்டை முதன்முதல் நெடுந்தொலைவில் அளந்து கண்டவர் மார்க்கோனி. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அவர் நியூபவுண்ட்லாந்தில் பட்டத்தின் உதவியால் உயர்த்திய கம்பியைக் கொண்டு, இங்கிலாந்தின் கார்ன்வாலிலுள்ள போல்டு நிலையத்தின் மூன்று புள்ளிகளைக் கேட்டதாகக் கூறினார். அது நிகழ்ந்தது பகற்பொழுதிலாகலின், அதனை இன்றும் ஐயுறும் அறிஞர் உளர். 1902-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்னும் கப்பலில் மேற்கே செல்லும்போது அவர் செய்த சோதனையில் ஐயத்திற்கு இடமில்லை. பகலில் ஏறத்தாழ 700 மைலளவில் நின்றுபோன குறிகள் இரவில் 2,000 மைலுக்கு அப்பாலும் கிடைத்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்காவிற் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் வானில் மின் கடத்தும் அடுக்கு ஒன்று இருத்தல் வேண்டும் என்று தனித்தனியே உய்த்துணர்ந்து கூறினர். 1924-இல் ஆப்பிள்டன் என்பார் அதன் உயரத்தைச் சோதனையாற் கண்டார். அப்பணிக்காக அவர்க்கு 1947-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இனி ஆர்வலர் கதைக்கு வருவாம். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய வானொலிச் சட்டம், ஆர்வலர் 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தைத் தொடலாகாது என்று விலக்கியது. நீண்ட அலையே தொலைவு செல்லும் என்று கப்பற்படையாரும் வாணிக நிலையத்தாரும் நம்பிய காலம் அது. குறுகிய அலைகள் ஒன்றுக்கும் உதவா என்று கருதியே அவற்றை ஆர்வலர்க்கு விட்டனர். வேண்டாதார்க்குக் களர்நிலத்தைப் பங்கிட்டளித்த கதைதான். களர் என்று எண்ணியதில் நாளடைவில் என்ன விளைந்தது என்பதை யாவரும் கண்டனர்.

1921-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ஆர்வலர் பலர் ஏறத்தாழ 200 மீட்டரிற் குறிகளை அனுப்ப, பிரிட்டனிலுள்ள ஆர்வலர் காத்திருந்து கேட்பது என ஓர் ஏற்பாடு நடந்தது. ஒன்றும் கேட்கவில்லை. குறை அனுப்பினோரிடத்ததா, கேட்டோரிடத்ததா என்று வழக்கு எழுந்தது. அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்னும் ஆர்வலர் சங்கத்தார் இவ்வழக்கைத் தீர்க்கும் பொருட்டு ஒரு விந்தையான முடிவு செய்தனர். அனுப்பும் ஆற்றலைப் பெருக்குவதை விடுத்து, கேட்பதிற் கைதேர்ந்த ஒருவரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அனுப்பினர். அவர் பெயர் பால் காட்லி. அக்காலத்துப் புதுமையாகிய சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியை அவர் உடன் கொண்டு சென்றார்.

காட்லி இலண்டனில் தங்கவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்ட்ராசன் என்னும் சிற்றூருக்குச் சென்று, கடலோர வயலொன்றில் கூடாரம் அடித்தார். டிசம்பர் மாதத்து மழையும் குளிரும் ஒருபுறம். பகலில் வேலை இல்லை, இரவில் உறக்கம் இல்லை. ஆயினும் அவர் செயலிற் கருத்தூன்றி நோக்கத்தக்கது அவர் நாட்டிய கம்பி. அது வானை நோக்கி உயர்ந்ததன்று. 12 அடி உயரமுள்ள கம்பங்களின்மேல் ஏறத்தாழ 1,300 அடி நீளத்திற்கு, அமெரிக்காவை நோக்கி நேரே கிடத்தப்பட்ட ஒற்றைக் கம்பி. ஹெரால்ட் பெவரேஜ் என்னும் இளைஞர் அப்போதுதான் கண்டிருந்த முறை அது. இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. டிசம்பர் 8-ஆம் நாள் முதலாக அமெரிக்க ஆர்வலர் குறிகள் அவர் செவிக்கு எட்டத் தொடங்கின. கனெக்டிகட் மாநிலத்துக் கிரீனிச்சில் நண்பர் அறுவர் கூடி அமைத்த '1பிசிஜி' என்னும் நிலையத்தினின்றும், ஏறத்தாழ 230 மீட்டர் அலையில், ஒரு வாழ்த்துச் செய்தி முழுமையாக வந்து சேர்ந்தது. அவ்வறுவருள் ஒருவர், காட்லி கையாண்ட ஏற்பியின் முறையை ஆக்கிய எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கே ஆவார். சோதனை முடிவதற்குள் இருபதுக்கு மேற்பட்ட நிலையங்களைக் காட்லி கேட்டறிந்தார். பிரிட்டிஷ் ஆர்வலர் சிலரும் அதே நாட்களில் தத்தம் வீட்டிலிருந்தே கேட்டனர் என்பதையும் இங்குச் சொல்லுதல் முறை. நாட்டுப் பற்றால் அமெரிக்கர் சிலர் அதனை விரைந்து கடந்துவிடுவர்.

பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையே அனுப்பும் முறையிலும் திருத்தங்கள் நேர்ந்தன எனினும், பெரிதும் மாறியது கேட்கும் முறையே. ஓரிரவில் முழங்கியோர் பலர். வழக்கைத் தீர்த்ததோ கூடாரத்தில் இருந்த செவி.

கேட்டல் மட்டும் தொடர்பாகாது, மறுமொழியும் வேண்டும். 1923-ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சு நாட்டு நீஸ் நகரத்து லியோன் டெலாய் அமெரிக்காவின் ஹார்ட்போர்டிலிருந்த பிரெட் ஷ்னெல்லோடு, 100 மீட்டரை அடுத்த அலையில், இருபுறமும் உரையாடினார். ஆர்வலர் அட்லாண்டிக்கை இருவழியாகக் கடந்தது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது நம் கல்லூரி நண்பர்கள் சிறப்பாக அறியத்தக்கது.

நியூசிலாந்தின் தென்தீவில் ஷாக் வேலி என்னும் இடத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்த குடும்பத்தினர் பிராங்க் பெல். 1924-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் மாலையில் அவர் அனுப்பிய மோர்ஸ் குறிக்கு இலண்டனின் மில் ஹில் பள்ளியிலிருந்து மறுமொழி வந்தது. விடை தந்தவர் பள்ளி ஆசிரியர் அல்லர். பதினெட்டு வயது நிரம்பிய மாணவர், சிசில் காய்டர். இருவர்க்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 12,000 மைல். நிலவுருண்டையில் இதற்குமேல் விலகி நிற்க இடம் அரிது. அலைநீளம் 100 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆட்டுப்பண்ணையில் அந்தி சாயும் வேளை பள்ளியில் விடியல் வேளை ஆதலைக் கருதுக. முன்னர்க் கூறிய சாம்பற்கோட்டின்மேல் இருமுனையும் நின்றன. அதன் இலக்கணம் எழுதப்படுவதற்கு முன்னரே இலக்கியம் பிறந்துவிட்டது. பிராங்கின் தமக்கை பிரெண்டா பெல்லும் பின்னர் அந்நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். நியூசிலாந்தின் பெண் ஆர்வலருள் முதல்வர் அவரே. 1927-இல் அந்நாட்டிலிருந்து தென்னாப்பிரிக்காவோடு முதன்முதல் வானொலித் தொடர்பு கொண்டவரும் அவரே.

அம்மாணவர் காய்டரை நம் நாடும் அறியும். 1936-இல் அவர் இந்தியாவிற்கு வந்து அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் சென்னை நிலையம் திறக்கப்பட்டபோது அப்பதவியில் இருந்தவர் அவரே. நகர எல்லைக்கு மத்திய அலை, தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சிற்றலை என்று அந்நாளில் நிலையங்களை அமைத்தவர், அலையின் இயல்பைப் பள்ளிப் பருவத்திலேயே தம் செவியாற் கற்றவர் என்பது மகிழ்தற்குரியது. அவர் நியூசிலாந்தைக் கேட்ட 1924-ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் மாகாண வானொலிச் சங்கம் ஒன்று தோன்றி, ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடத்தியது என்பதையும் இயைத்துப் பார்க்கலாம்.

இவ்வெற்றிகளுக்குப் பின் ஆர்வலர் மேன்மேலும் குறுகிய அலைகளை நாடிச் சென்றனர். 20 மீட்டரிற் பகலிலேயே, சிறு கம்பியும் சிறு ஆற்றலும் கொண்டு உலகைச் சுற்றலாம் என்று கண்டபின் 160 மீட்டரில் இரவெல்லாம் விழித்திருப்பார் யார்? ஊர் முழுதும் புதுத் தெருவிற் குடியேறியபின் பழைய தெருவிற் சிலர் மட்டும் தங்கியதைப் போலச் சிலரே எஞ்சினர். எளிதன்மையே அவர்க்கு அவ்வரிசையின் இனிமையாயிற்று. அவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வின்த்ரோப் என்னும் கடற்கரையூரில் வாழ்ந்த ஸ்டூ பெர்ரி. 'டபிள்யூ1பிபி' என்பது அவரது அழைப்புக் குறி. 1930-களிலேயே அட்லாண்டிக்கின் இருகரை ஆர்வலரையும் குறித்த இரவுகளில் 160 மீட்டரில் ஒன்றுகூட்டும் சோதனைகளைத் தொடங்கினார். யார் எதனை எப்பொழுது கேட்டார் என்பதைத் திரட்டிச் செய்தித்தாளாக அச்சிட்டு நெடுங்காலம் பரப்பினார்.

இடையில் வந்தது ஓர் இடையூறு. இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களும் வானூர்திகளும் தம் இருப்பிடம் அறிய 'லோரான்' என்னும் முறை அமைக்கப்பட்டது. அதன் துடிப்புகள் 1.75 முதல் 1.95 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏறத்தாழ இவ்வரிசையின் மேலேயே குடியேறின. போர் முடிந்தும் அது போகவில்லை. சிற்சில துண்டுகளில், மிகக் குறைந்த ஆற்றலில், இரவில் அதனினும் குறைவாக அனுப்பலாம் என்றே அமெரிக்க ஆர்வலர்க்கு உரிமை தரப்பட்டது. அத்துண்டுகளிலும் அத்துடிப்பின் ஓசை, தறி ஓயாது அடிப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். 1980-ஆம் ஆண்டு இறுதியில்தான் அமெரிக்காவில் அது நின்றது. அதற்கு முன்னரே, 1976-இல், நூறு நாடுகளோடு 160 மீட்டரில் தொடர்பு கொண்டமைக்குச் சான்று காட்டி முதற் பட்டயம் பெற்றவர் பெர்ரி. குறுகிய அலையில் ஒரு வார இறுதியில் நூறு நாடுகளை எட்டுவோர் உளர். பெர்ரிக்கு அது வாழ்நாளின் பெரும்பகுதி. இவ்விரண்டையும் ஒரே எண்ணால் அளப்பது நெல்லையும் பொன்னையும் ஒரே மரக்காலால் அளப்பதாகும் என்பது என் கருத்து.

இனி, கேட்கும் தொழில் என்றமைக்குக் காரணம் காட்டுவாம். அலைநீளத்தில் கால்பங்கு உயரமுள்ள நெடுங்கம்பி நன்கு அனுப்பும் என்பது விதி. 160 மீட்டருக்குக் கால்பங்கு 40 மீட்டர். முற்றிய தென்னையினும் உயர்ந்தது. வீட்டுக் கூரைமேற் கிடையாகக் கட்டிய கம்பியினின்றும் எழும் அலை பெரும்பாலும் தலைக்கு மேலே செங்குத்தாகச் சென்று அண்டை மாவட்டங்களில் இறங்குமேயன்றித் தொலைநாடு செல்லாது. ஆகவே உள்ள உயரம் வரை செங்குத்தாக ஏற்றி, எஞ்சியதைக் கிடையாக மடக்கிக் கட்டுவர். கம்பியின் அடியில், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல, நிலத்தின்மேற் பல கம்பிகளைப் பரப்புதல் வேண்டும். இன்றேல் ஆற்றலிற் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்குவதிற் கழியும். 1937-இல் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் என்னும் மூவர் செய்த ஆராய்ச்சி, ஒலிபரப்பு நிலையங்கட்கு இத்தகைய ஆரக்கம்பிகள் 120 வேண்டும் என்னும் வழக்கிற்கு அடிப்படையாயிற்று. கடலோரத்தில் வாழ்வோர் பேறுடையர். உப்புநீர் நல்ல கடத்தி. இவையனைத்தும் செலவும் உழைப்பும் இருந்தால் முடிவன.

கேட்பதற்கோ பணம் மட்டும் போதாது. அனுப்பும் நெடுங்கம்பியை ஏற்பியோடு இணைத்தால் எத்திசையிலிருந்தும் இரைச்சலே வந்து நிறையும். உலகில் எங்கேனும் ஒரு மூலையில் இடி மின்னல் ஓயாது நிகழ்கின்றது. ஒவ்வொரு மின்னலும் ஒரு வானொலி நிலையம். அதன் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுதி. குறியைக் கடல் கடத்திக் கொணரும் அதே வான்கூரை மின்னலின் இரைச்சலையும் கடல் கடத்திக் கொணரும். நம் வானம் தெளிந்திருந்தும், சுமத்திராவில் இடித்தது நம் செவியிற் படபடக்கும். இதற்கு மருந்து ஆர்ட்ராசன் வயலிற் காட்லி கிடத்திய கம்பியே. ஆள் உயரத்திலோ சற்று மேலோ, ஓரலைநீளம் முதல் இரண்டு அலைநீளம் வரை, விரும்பிய நாட்டை நோக்கி நீட்டி, முனையில் ஒரு தடையை வைத்து நிலத்தோடு பிணைத்தால், அக்கம்பி முன்னிருந்து வருவதை ஏற்றுப் பின்னும் பக்கமும் இருந்து வருவதைப் புறக்கணிக்கும். குறியும் மெலிந்தே கிடைக்கும். ஆயினும் இரைச்சல் அதனினும் மெலியும். கல் கலந்த சோறு மரக்கால் அளவு பெறுவதினும் கல்லில்லாச் சோறு கைப்பிடியளவு பெறுதல் நன்றன்றோ? அனுப்பச் சிறந்தது கேட்கச் சிறந்ததாகாது என்னும் இவ்வுண்மை குறுகிய அலைகளில் வாழ்வோர்க்குப் பெரும்பாலும் தெரியாது.

பேராற்றலோடு அனுப்பி, மறுமொழி சொல்வோரைக் கேளாத நிலையத்திற்கு ஆர்வலர் இட்ட பெயர் 'முதலை'. வாய் பெரிது; செவி காணோம் என்பது கருத்து. கூட்டங்களிலும் சங்கங்களிலும் யாம் காணும் சிலர்க்கும் அப்பெயர் பொருந்தும்; அது நிற்க. பெர்ரியின் நினைவாக ஆண்டுதோறும் டிசம்பரில் 160 மீட்டரில் நடைபெறும் போட்டியில், தொடர்பின் தொலைவு மிக எண் மிகும் என்பது ஒரு விதி. குறைந்த ஆற்றலுடைய நிலையத்தைக் கேட்டறிந்தவர்க்கு எண் பெருகும் என்பது மற்றொரு விதி. கேட்டவர்க்குப் பரிசு தரும் போட்டியை யான் வேறெத்துறையிலும் அறியேன்.

மின்னல் வானத்துப் பகை. இக்காலத்திலோ வீட்டுப்பகையும் சேர்ந்தது. எல்.இ.டி. விளக்கு, கைப்பேசிக்கு மின்னூட்டும் சிறுபெட்டி, கூரைமேற் சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டர் ஆகிய இவற்றுட் பல, தாழ்ந்த அலைகளில் ஓயாது இரைவன. ஊர்நடுவே வாழும் ஆர்வலர் பலர்க்கு உலகம் செவிடாயிற்று.

இந்நெருக்கடியிற் கணிப்பொறி துணைக்கு வந்தது. 160 மீட்டருக்கும் கீழே ஆர்வலர்க்குப் புதிதாய்க் கிடைத்த வரிசைகள் இரண்டு. 2007-ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு 136 கிலோஹெர்ட்ஸை அடுத்த சிறுதுண்டையும், 2012-ஆம் ஆண்டின் மாநாடு 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள துண்டையும் வழங்கின. 136-இல் அலைநீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். கால்பங்குக் கம்பி 550 மீட்டர் உயர வேண்டும். அஃது ஆகாத காரியம். ஆகவே அனுப்பும் ஆற்றலிற் பெரும்பகுதி வீணாகி, ஒரு வாட்டிற்கு மேற்படாத சிறுதுளியே வெளிப்படும். வெளிவிட விதி அனுமதிப்பதும் ஒரு வாட்டே. இத்துளியைக் கொண்டு கடல் கடக்க ஒரு வழி கண்டனர். மோர்ஸ் குறியின் ஒரு புள்ளியை மூன்று நொடி, முப்பது நொடி, அறுபது நொடி என்று நீட்டி அனுப்புவர். கேட்போர் காதாற் கேளார். கணிப்பொறித் திரையில் மங்கலான கோடாக அது எழுவதைக் கண்ணாற் காண்பர். ஓர் அழைப்புக் குறி முழுமை பெறுவதற்குள் அரைமணி நேரம் செல்வதுண்டு.

பின்னர் வந்தவை இன்னும் வியப்பானவை. இரட்டை நட்சத்திரத் துடிப்பு ஆராய்ச்சிக்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர் தாமும் ஓர் ஆர்வலர். மெலிந்த குறியைக் கணக்கால் மீட்கும் முறைகள் பலவற்றை அவர் ஆக்கினார். 2017-இல் அவரும் ஸ்டீவ் பிராங்கேயும் வெளியிட்ட 'எஃப்டி8' என்பது, பதினைந்து நொடிக்கொரு முறை சிறு செய்தியை எட்டு ஒலிகளாற் பின்னி அனுப்புவது. செவிக்கு வெறும் இரைச்சலாய்த் தோன்றுவதினுள்ளிருந்து பொறி அழைப்புக் குறியை எடுத்துத் தரும். சில ஆண்டுகளிலேயே 160 மீட்டரிலும் தொடர்புகளிற் பெரும்பங்கு இம்முறைக்கு மாறிற்று.

இதனைக் குறித்து ஆர்வலரிடையே பூசல் உண்டு. மோர்ஸ் பயின்ற முதியோர், பொறி பொறியோடு பேசுங்கால் மனிதர்க்கு அங்கு வேலை யாது என்று வினவுவர். இளையோர், இரைச்சல் மிகுந்த நகரத்தில் சிறுகம்பியோடு வாழ்வோர்க்கு வேறு வழி யாது என்று எதிர்வினவுவர். இரண்டிலும் உண்மை உளது. முதியோர் கூற்றில் மனக்குறை மட்டும் இருப்பதாக எண்ணுதல் கூடாது. குறி தேய்ந்து வரும்போது, இது மின்னலா, எழுத்தா என்று செவி பிரித்தறியப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். ஏடு படிப்போர் சிதைந்த எழுத்தை முன்பின் நோக்கி ஊகித்தறிவதை ஒத்தது அது. அப்பயிற்சி ஒரு தலைமுறையில் விடுபட்டால் மீட்டல் அரிது. ஆயினும் இளையோரை முனிதற்கும் காரணம் இல்லை. டெய்லரின் கணக்கும் கேள்வியின்பாற்பட்டதே. ஆற்றலைப் பெருக்காது செவியைக் கூர்மையாக்கியது அது. எஃப்டி8-இலும் முதலைகள் உள என்று அதனைக் கையாள்வோரே நகைத்துக் கூறுவர்.

நம் நாட்டிலிருந்து முயல்வோர்க்குப் பொழுதும் பருவமும் எவ்வாறு அமையும் என்பதைக் கூறி முடிப்பாம். அனுப்புவதற்கு அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும். பருவத்தில், சித்திரை வைகாசியின் கோடை இடியும் ஐப்பசி கார்த்திகையின் மழை இடியும் செவியை அடைப்பன. முன்பனியும் பின்பனியுமே ஏற்ற காலம். வடபாதி உலகில் இரவு நீண்டிருப்பதும் முன்பனியில்தான். ஞாயிற்றில் கரும்புள்ளிகள் குறைந்த ஆண்டுகள் மிக நல்லன. தை மாதத் தொடக்கத்தில் இலண்டனில் ஞாயிறு மறைவது நம் கடிகாரப்படி இரவு 9.45 அளவில். அதுமுதல் நம் விடியல்வரை இருபுறமும் இருளே. நியூயார்க்கில் மறைவது நமக்கு வைகறை 3.15 அளவில். சென்னையில் ஞாயிறு எழுவது 6.30 மணியளவில். ஆகவே அமெரிக்கக் கீழ்க்கரைக்கு உள்ள வாயில் மூன்றேகால் மணி நேரமே; அதிலும் கடைசி அரைமணியே சிறந்தது. ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர் செல்லும் அவ்வழி உருண்டையின்மேல் நேரே மேற்கே செல்வதன்று. வடக்கிலிருந்து சற்றே மேற்கிற் சாய்ந்து புறப்பட்டு, வடமுனை வட்டத்தைக் கடந்து சென்று இறங்குவது. அங்கு வானில் துருவ ஒளி ஆடும் இரவுகளில் வழி அடைபட்டுவிடும். அது அமைதியாயுள்ள இரவை எதிர்நோக்கியே இருத்தல் வேண்டும்.

கேட்கும் கம்பிக்கு இருநூறு மீட்டர் நேர்நிலம் வேண்டும். ஐரோப்பிய ஆர்வலர் பலர் பயிர் அறுத்த பின்னரே உழவரின் உடன்பாடு பெற்றுக் கம்பியைக் கட்டி, விதைப்புக்கு முன் சுருட்டிவிடுவர். நம் ஊர்களில் சம்பா அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் நாட்களும், நியூயார்க்கின் குறி வடதிசையினின்றும் வரும் நாட்களும் ஒன்றாகவே அமைகின்றன. வரப்போரமாய்ச் சில மூங்கிற் கழிகளும், வடவடமேற்கை நோக்கிய செப்புக்கம்பி ஒன்றும், விடியுமுன் எழுவாரும் இருப்பின் அவ்வயலே ஆர்ட்ராசன் ஆகும்.